ராவணனைக் கொன்றது போதும், டீச்சர்களே

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் மட்டும் எப்படியாவது கடைசிவரை படித்துவிடுங்கள். உங்களிடம் நான் கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்று இதில் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. கையில் டியூஷன் நோட்டு. 'சேஞ்ச் தி வாய்ஸ்' என்று தலைப்புப் போட்டு இருபது வாக்கியங்கள். முதல் வாக்கியம் என்ன என்று பார்த்தேன். நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம். ஆமாம், அதேதான். "ராமா கில்டு ராவணா." நான் பாவாடை சட்டை போட்டு ஸ்கூலுக்குப் போன காலத்திலும் ராமன் ராவணனைக் கொன்றான். 1983ல் நான் வேலைக்குச் சேர்ந்து முதல்முதலாகப் பாடம் எடுத்தபோதும் கொன்றான். 2017ல் ஓய்வு பெற்றுச் சால்வையும் சந்தன மாலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், அப்போதும் விடவில்லை. ராமாயணத்தில் ஒருமுறை செத்த மனுஷன் தமிழ்நாட்டு இங்கிலீஷ் வகுப்புகளில் இன்னும் செத்துக்கொண்டே இருக்கிறான்.

பிள்ளை கடகடவென்று எழுதிக்கொண்டே போனாள். மாவு மில் மாதிரி, இந்தப் பக்கம் ஆக்டிவ் போட்டால் அந்தப் பக்கம் பேஸிவ் விழுகிறது. ஏழாவது வாக்கியம், "ஐ ஹேவ் எ பென்." ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. "எ பென் இஸ் ஹேட் பை மீ" என்று எழுதி அடுத்ததற்குப் போய்விட்டாள்.

"பாப்பா, உலகத்துல எந்த மனுஷனாவது இப்படிப் பேசுவானா?" என்று கேட்டேன்.

"பேசறதுக்கா ஆச்சி இது? மார்க்குக்கு" என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பதில் நாங்கள் கற்றுக்கொடுத்தது. முப்பத்து நாலு வருஷம் நானும் அந்த மில்லைத்தான் ஓட்டினேன். "ஆப்ஜெக்டை முன்னாடி கொண்டு வா, பி வெர்ப் போடு, வி த்ரீ போடு, பை போடு, சப்ஜெக்டைக் கடைசியில தள்ளு." வாய்ப்பாடு மாதிரி வகுப்பே சேர்ந்து சொல்லும். பக்கத்து வகுப்பு சார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "டீச்சர் கிளாஸ்னா கிளாஸ்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர்களும் மெச்சினார்கள். அந்த வாய்ப்பாட்டால் என்ன ஆனது என்பதை ஓய்வு பெற்ற மறுவருஷம் ஒரு வாட்ஸப் படம் எனக்குக் காட்டியது.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், கம்பெனி எதுவும் போடவேண்டாம் டீச்சர் என்றான், போடவில்லை. வளைகுடா நாட்டில் வெல்டிங் வேலைக்குப் போயிருந்தான். ஏஜென்ட் சொன்னது ஒன்று, அங்கே நடந்தது ஒன்று. மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. புகார் எழுதிக்கொடு என்று யாரோ சொல்ல, இவன் உட்கார்ந்து இங்கிலீஷில் சொந்தமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். அதைத்தான் பிற்பாடு எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். அதில் முக்கியமான நான்கு வரிகள் இவை:

"ஐ ப்ராமிஸ்டு ஃபுட் அண்ட் ரூம். ஐ நாட் பெய்டு த்ரீ மன்த்ஸ் சேலரி. ஐ சீட்டட். ப்ளீஸ் டேக் ஆக்‌ஷன்."

இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மறுபடி ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தெரியாதவர்களுக்கு நான் சொல்கிறேன். அவன் எழுதியிருப்பதற்கு அர்த்தம், "சாப்பாடும் ரூமும் தருவதாக நான் வாக்குக் கொடுத்தேன். மூன்று மாதச் சம்பளத்தை நான் கொடுக்கவில்லை. நான் ஏமாற்றினேன். தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்."

புகார் கொடுக்கப் போன பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

பொறுமையான ஆள் என்றால் ஊகித்திருப்பார். அன்றைக்குக் கவுன்டரில் இருந்தவருக்குப் பொறுமை இல்லை. "யாரை ஏமாத்தினே?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவன் அவமானப்பட்டு வெளியே வந்து, அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் கூடத் தங்கியிருந்த மலையாளிப் பையன் ஒருவன் மூன்றே மூன்று இடத்தில் திருத்திக் கொடுத்தான். "ஐ வாஸ் ப்ராமிஸ்டு." "ஐ ஹேவ் நாட் பீன் பெய்டு." "ஐ வாஸ் சீட்டட்." ஒரு 'வாஸ்', ஒரு 'ஹேவ் பீன்', இன்னொரு 'வாஸ்'. அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று மாதச் சம்பளத்தில் இரண்டு மாதச் சம்பளம் பல மாதம் கழித்து வந்தது. எல்லாத் தாமதமும் இங்கிலீஷால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் கடிதம் வீணாகப் போன அந்த ஒரு மாதத்துக்கு நான்தானே கணக்குச் சொல்லவேண்டும்?

இந்தப் பையன் என் வகுப்பில் 'சேஞ்ச் தி வாய்ஸ்' கேள்வியில் ஒரு மார்க்கூட விட்டவன் இல்லை. ராவணனை அவனும் ஒழுங்காகக் கொன்றிருக்கிறான். அப்படியானால் எங்கே கோளாறு?

போன் போட்டுக் கேட்டேன். "எழுதும்போது மனசுல தமிழ்ல என்னடா நினைச்சே?"

அவன் சொன்னான்: "எனக்குச் சாப்பாடு, ரூம் எல்லாம் தர்றோம்னு சொன்னாங்க டீச்சர். எனக்கு மூணு மாசமா சம்பளம் தரல. என்னை ஏமாத்திட்டாங்க. இதைத்தான் எழுதினேன்."

எனக்கு, எனக்கு, என்னை. மூன்று வாக்கியமும் அவனில்தான் தொடங்குகிறது, ஆனால் மூன்றிலும் செய்தவன் அவன் இல்லை. தமிழில் அதில் குழப்பமே வராது. 'ஐ'யும் 'கு'வும் வேற்றுமை உருபாக ஒட்டிக்கொண்டு காவல் நிற்கின்றன. 'என்னை நாய் கடிச்சிடுச்சு' என்றாலும் 'நாய் என்னைக் கடிச்சிடுச்சு' என்றாலும் கடித்தது நாய்தான். சொல்லை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம். யாரைப் பற்றிப் பேச்சோ அவரை முன்னால் வைத்துவிட்டு, கதையைப் பின்னால் சொல்கிறோம்.

இங்கிலீஷில் அந்தக் காவல் அநேகமாகக் கிடையாது. வெர்புக்கு முன்னால் யார் நிற்கிறாரோ அவர்தான் செய்தவர், பின்னால் நிற்பவர் வாங்கிக்கொண்டவர். 'டாக் பிட் மேன்' என்பதை 'மேன் பிட் டாக்' என்று மாற்றினால் மனுஷன் நாயைக் கடித்துவிடுவான். அப்படியென்றால் கடிபட்ட மனுஷனைப் பற்றித்தான் பேச்சு, அவனைத்தான் முன்னால் வைக்கவேண்டும் என்றால் இங்கிலீஷ்காரன் என்ன செய்வான்? அதற்குத்தான் அவன் 'வாஸ்' போட்டு 'பிட்டன்' என்கிறான். 'நான் முன்னால் நிற்கிறேன், ஆனால் செய்தவன் நான் இல்லை' என்று கேட்பவருக்குச் சொல்கிற அடையாளம் அது. நாம் 'என்னை' என்று ஒரு எழுத்தில் முடிக்கிற வேலையை அவன் 'வாஸ்' போட்டு முடிக்கிறான்.

இதை எனக்கு ட்ரெய்னிங்கில் யாரும் சொல்லவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை. 'செயப்பாட்டுவினைதான் பேஸிவ் வாய்ஸ்' என்று ஒரே வரியில் முடித்து, 'கொன்றான், கொல்லப்பட்டான்' என்று கரும்பலகையில் எழுதினேன். 'கொல்லப்பட்டான்' என்று எந்தப் பிள்ளை வீட்டில் பேசுகிறது? சைக்கிள் காணாமல் போனால் "என் சைக்கிள் திருடப்பட்டுவிட்டது அம்மா" என்றா அழும்? "சைக்கிளைத் திருடிட்டாங்கம்மா" என்றுதான் அழும். அந்த 'டாங்க'வைக் கவனியுங்கள். யார் அந்த 'ஆங்க'? தெரியாது. ஒருத்தனோ நாலு பேரோ. தெரியாத ஆளை நம் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். 'இந்த ஸ்கூலை எப்ப கட்டினாங்க', 'ரோடு போட்டாங்க', 'லைட்டை ஆஃப் பண்ணிட்டாங்க', 'என்னை லீடராப் போட்டாங்க'. அத்தனையும் இங்கிலீஷில் பேஸிவ் ஆகப்போகிற வாக்கியங்கள். அவர்கள் நாக்கிலேயே பேஸிவ் இருக்கிறது. நாங்கள் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, 'படு' என்ற ஜன்னல் வழியாக ஏறி வா என்று தள்ளினோம்.

சும்மா ஒரு உபரித் தகவல். நம் இலக்கணத்தில் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லுகிற வழக்கு உண்டு என்று தொல்காப்பியர் வினையியலில் ஒத்துக்கொள்கிறார். திண்ணையை யாரோ மெழுக, திண்ணையே மெழுகிக்கொண்டது போலச் சொல்லும் பேச்சை உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். காலையில் நாம் 'வாசல் தெளிச்சாச்சு' என்கிறோமே, தெளித்தது யார் என்று யாராவது கேட்கிறோமா? வாசல்தான் பேச்சு. இதை ஒரு தமிழய்யா எனக்கு ஓய்வறையில் டீ குடிக்கும்போது சொன்னார். அப்போது அதை என் பாடத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

டியூஷன் நோட்டுக்கு வருகிறேன். இருபது வாக்கியத்தில் இன்னும் என்னென்ன இருந்தன தெரியுமா?

"ஓப்பன் தி டோர்." விடை, "லெட் தி டோர் பி ஓப்பன்டு." இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த யாரிடமாவது இப்படிச் சொல்லிப் பாருங்கள். 'கதவு திறக்கப்படுவதாகுக' என்று நாடகத்து ராஜா வந்து நின்ற மாதிரி விழிப்பார்கள். "ப்ளீஸ் ஹெல்ப் மீ"க்கு விடை "யூ ஆர் ரிக்வெஸ்டட் டு ஹெல்ப் மீ." ஆற்றில் முழுகிக்கொண்டிருப்பவன் நோட்டீஸ் போர்டு மாதிரி பேசவேண்டுமாம்.

"சம்படி ஸ்டோல் மை சைக்கிள்." விடையாக "மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன் பை சம்படி" என்று எழுதவேண்டுமாம். திருடியது 'யாரோ' என்பதைத் தனியாக வேறு சொல்லவேண்டுமா? ஆளைச் சொல்லத் தெரியாததால்தானே பேஸிவுக்கே வந்தோம். நிஜமான இங்கிலீஷில், பேப்பரிலோ புத்தகத்திலோ, வருகிற பேஸிவ் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றுக்கு 'பை' வால் கிடையாது. நம் பிள்ளைகளுக்கோ 'பை' இல்லாவிட்டால் அரை மார்க் போய்விடும். வால் இல்லாத மாட்டைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை, அதனால் ரோட்டில் எதிரே வந்தாலும் அது மாடு என்று தெரிவதில்லை.

அப்புறம் அந்தப் பேனா. 'ஹேவ்' என்ற சொல்லைச் 'சொந்தமாக வைத்திருக்கிறேன்' என்ற அர்த்தத்தில் திருப்பவே முடியாது. 'ரிசம்பிள்', 'காஸ்ட்' இவையும் அப்படித்தான். அப்பா ஜாடையில் இருக்கிறான் என்றால் அப்பாவுக்கு அவன் எதையும் செய்துவிடவில்லை. செய்கை இல்லாத இடத்தில் செய்யப்படுவது எங்கிருந்து வரும்? இதை ஒரு பிள்ளைக்குச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். மில்லில் அரைக்கிற பிள்ளைக்கு அந்த இரண்டு நிமிஷத்தை யாரும் கொடுப்பதில்லை.

இந்த வாய்ப்பாடு படித்த பிள்ளைகள்தான் பிற்பாடு இன்டர்வியூவில் போய் உட்கார்ந்து, "ஐ பார்ன் அண்ட் பிராட் அப் இன் தென்காசி" என்று தொடங்குகிறார்கள். பெற்றது அம்மா, வளர்த்தது அம்மா அப்பா, அதனால் 'ஐ வாஸ் பார்ன்' என்று யாராவது ஒரு நாள் சொல்லியிருந்தால் மறந்திருக்குமா? "ஐ செலக்டட்" என்கிறார்கள். அதைக் கேட்கிறவன், நீ யாரைத் தேர்ந்தெடுத்தாய் என்று யோசிப்பான். இன்னொரு பக்கம், வேண்டாத இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். "ஐ ஆம் கம்ப்ளீட்டட் பி.காம்." முடித்தது நீதானே, அங்கே 'ஆம்' எதற்கு? இரண்டு தப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. செய்தது யார் என்று கேட்டுப் பார்த்து எழுதும் பழக்கமே வரவில்லை.

இதை என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரிடம் போனில் சொன்னேன். "அக்கா, ரூல் தெரியாம எப்படி எழுதும்? முதல்ல மெக்கானிக்கலாத்தான் பழக்கணும்" என்றார். பாதி நியாயம். 'ரைட், ரோட், ரிட்டன்' மனப்பாடம் ஆகாமல் ஒன்றும் நடக்காது, அதை நான் மறுக்கமாட்டேன். எந்தக் காலத்துக்கு எந்த 'பி' வெர்ப் என்பதும் கைப்பழக்கத்தில்தான் வரும். பழக்கவேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் நாங்கள் பழக்கியது வேறு ஒன்றை. ஆக்டிவ் வாக்கியத்தை எழுதிக் கையில் கொடுத்து, இதைத் திருப்பு என்றோம். வாழ்க்கையில் யார் வந்து ஆக்டிவ் வாக்கியத்தை எழுதிக் கையில் கொடுக்கிறார்கள்? "தி ஏஜென்ட் சீட்டட் மீ" என்று கொடுத்திருந்தால் என் பையன் கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருப்பான். கொடுக்க யாரும் இல்லையே. வெறும் வலிதான் இருந்தது கையில்.

"ரென் அண்ட் மார்ட்டின்லயே இப்படித்தானே இருக்கு" என்றார் அவர். இல்லை. எடுத்துப் பாருங்கள். செய்தவரை முன்னிறுத்த ஆக்டிவ், செய்கைக்கு ஆளானவரை முன்னிறுத்த பேஸிவ் என்ற விளக்கம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. யார் செய்தார் என்பது தெரியாதபோதும் சொல்லத் தேவை இல்லாதபோதும் 'பை' வேண்டாம் என்றும் இருக்கிறது. அந்த நாலு வரியை நாங்கள் தாண்டிக் குதித்து நேரே எக்சர்சைஸுக்குப் போனோம். நானும் குதித்தேன். ஏனென்றால் பரீட்சையில் அந்த நாலு வரியிலிருந்து கேள்வி வராது.

இது ஒரு பக்கத்துக் கூத்து. இன்னொரு பக்கம் புதுசாக ஒன்று கிளம்பியிருக்கிறது.

ஐ.டி.யில் இருக்கும் என் அக்கா மகன் சொல்கிறான், "சித்தி, பேஸிவே யூஸ் பண்ணக்கூடாதாம். கம்ப்யூட்டர் அடியில கோடு போட்டுக் காட்டுது." ஆமாம், வேர்டில் அப்படிக் கோடு விழுவதை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்கு ஒரு பரம்பரை உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1946ல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆக்டிவில் சொல்ல முடிகிற இடத்தில் பேஸிவில் சொல்லாதே என்று விதி போட்டார். நம் பீகார் மோதிஹாரியில் பிறந்தவர்தான். பெரிய எழுத்தாளர், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு பேஸிவ் இருக்கிறது. அவராலேயே முடியவில்லை என்றால் என் அக்கா மகனுக்கு ஏன் அந்தக் கஷ்டம்?

நம் அரசியல் சாசனத்தை இங்கிலீஷில் எடுத்துப் பாருங்கள். முகப்புரை ஆக்டிவில் இருக்கிறது. இந்திய மக்களாகிய நாங்கள் இதை ஏற்று, சட்டமாக்கி, எங்களுக்கு நாங்களே வழங்கிக்கொள்கிறோம் என்று. அங்கே யார் செய்தார்கள் என்பதுதான் முக்கியம், அதனால் ஆள் முன்னால் வந்து நிற்கிறார். 17வது பிரிவுக்குப் போங்கள். தீண்டாமை 'இஸ் அபாலிஷ்டு', அதை எந்த வடிவில் கடைப்பிடிப்பதும் 'இஸ் ஃபர்பிடன்'. இரண்டும் பேஸிவ். ஒழித்தது இன்னார் என்று பெயர் போட்டால் அந்த வாக்கியத்தின் பலம் போய்விடும். தீண்டாமை முன்னால் வருகிறது, ஒழிந்தது என்று முடிகிறது. 21வது பிரிவிலும் அப்படியே. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் எந்த மனிதருடைய உயிரும் சுதந்திரமும் பறிக்கப்படக்கூடாது என்கிறது. யாரால் என்று சொல்லவில்லை, அதனால் போலீஸ், கலெக்டர், மந்திரி என்று எந்த அதிகாரியும் அதற்குள் அடங்குகிறார். அந்தப் பிரிவின் அடியில் கம்ப்யூட்டர் கோடு போட்டால் போடட்டும்.

ஆனால் ஒன்றை நான் ஆர்வெலுக்கு விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். பேஸிவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும். 1987ல் அமெரிக்காவில் ரீகன், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றிப் பார்லிமென்ட் முன்னால் பேசும்போது, தவறுகள் செய்யப்பட்டன என்றுதான் சொன்னார். செய்தது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? ரயில்வே ஸ்டேஷனில் நின்றால் கேட்கலாம். ஏற்படுத்தப்பட்ட அசௌகரியம் ஆழ்ந்து வருந்தப்படுகிறதாம், இங்கிலீஷில். ஏற்படுத்தியவரும் இல்லை, வருந்துகிறவரும் இல்லை. ரயில் மட்டும் மூன்று மணி நேரம் லேட்.

எனக்கே நடந்தது. ஓய்வு பெறும் சமயத்தில் என் பணிப்பதிவேடு ஓர் அலுவலகத்தில் காணோம். நாலைந்து மாதம் அலைந்தபிறகு ஒரு கடிதம் வந்தது. 'தங்களது பணிப்பதிவேடு தவறவிடப்பட்டுள்ளது என்பது தெரிவிக்கப்படுகிறது.' நேரே போய், "யாரால தவறவிடப்பட்டுள்ளது சார்?" என்று கேட்டேன். எழுத்தர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லெட்டர்ல அப்படித்தாம்மா போடுவாங்க" என்றார். போடுவாங்க! அந்தக் கடிதத்தை டைப் செய்ததே அவர்தான். அதிலும் ஒரு 'ஆங்க' வந்து அவரைக் காப்பாற்றிவிட்டது.

அந்த ஏஜென்டும் இந்த எழுத்தரும் எதன் பின்னால் ஒளிந்தார்களோ, அதைத்தான் என் பையன் ஆயுதமாகப் பிடிக்கவேண்டியிருந்தது. பிடிக்கத் தெரியாமல் தன்னையே குத்திக்கொண்டான். ஐந்து மார்க் கேள்வி என்று இதை நான் நினைத்துக்கொண்டிருந்த வருஷங்களில் என்னிடம் படித்த எல்லாப் பிள்ளைகளிடமும் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். நான்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். பாருங்கள், ஆக்டிவில்தான் எழுதியிருக்கிறேன்.

பேத்தி கதையை முடித்துவிடுகிறேன். அன்றைக்கு நோட்டை மூடி வைக்கச் சொன்னேன். "இந்த வீட்டை எப்ப கட்டினாங்க, சொல்லு."

"தாத்தா சொல்லியிருக்காங்க, 1988."

"வீட்டைப் பத்திப் பேசறோம், அப்போ வீடு முன்னால. வீடு தானாக் கட்டிக்குமா?"

"கட்டிக்காது."

"அப்போ வாஸ் போடு."

"திஸ் ஹவுஸ் வாஸ் பில்ட் இன் 1988." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள், "பை யாரு ஆச்சி?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ விட்டுடு."

அவ்வளவுதான். அப்புறம் அவளே தொடங்கிவிட்டாள். என்னை லீடர் ஆக்கினாங்க, 'ஐ வாஸ் மேட் லீடர்'. என்னைத் திட்டினாங்க, 'ஐ வாஸ் ஸ்கோல்டட்'. எனக்குப் ப்ரைஸ் கொடுத்தாங்க, 'ஐ வாஸ் கிவன் எ ப்ரைஸ்'. 'எனக்குப் பசிக்குது' என்பதற்கு மட்டும் மாட்டிக்கொண்டு முழித்தாள். "உன்னை யாராவது பசிக்க வச்சாங்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, "ஐ ஆம் ஹங்ரி" என்றாள். அரை மணி நேரத்தில் ஊர்க்கதை முழுக்கப் பேஸிவில் வந்துவிட்டது. நடுவில் அவள் அப்பாவைப் பற்றியும் இரண்டு வாக்கியம் வந்தது, அதை இங்கே எழுதமாட்டேன்.

நோட்டைத் திறந்து சைக்கிள் வாக்கியத்தை அவளே திருத்தினாள். 'பை சம்படி'யை அடித்துவிட்டு, "மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன்" என்று நிறுத்தினாள். பேனா வாக்கியத்தை என்ன செய்வது என்று கேட்டாள். "உனக்கு என்ன தோணுதோ செய்" என்றேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டாள். மார்க் விஷயத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

மறுநாள் நோட்டு திருத்தி வந்தது. பேனாவுக்கு டிக். சைக்கிளுக்கு அரை மார்க் கட், பக்கத்தில் சிவப்பு மையில் 'பை சம்படி?' என்று ஒரு கேள்விக்குறி. ராத்திரி தம்பி மகன் போன் பண்ணினான். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையாம், இவனுக்குத்தான் தாங்கவில்லை.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. ஆனுவல் எக்ஸாம் முடியிற வரைக்கும் பாப்பாவுக்கு இங்கிலீஷ் எதுவும் சொல்லிக் கொடுக்காதீங்க."

சரி என்று நான் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அவனும் இதைப் படிப்பான். பாப்பா வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாள்.